சாமி மேடையில் இருக்கும் கிராண்டை வெளியே எடுங்கள்

கோலாலம்பூரில் சொந்த வீடு வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் என் கைப்பேசி ஓயாமல் அடிக்கும். இந்தத் தொழிலுக்கு வந்து 13 வருடம் ஆகிறது, ஒரு வருடம்கூட இது தப்பியதில்லை. பண்டிகைக்கு ஈப்போவில் இருந்து அண்ணன் வருகிறார், ஜொகூரில் இருந்து தங்கை வருகிறார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்காரும்போது யாராவது ஒருவர் பேச்சை எடுக்கிறார்: ‘இந்த வீட்டை என்ன செய்யலாம்?’ இரண்டே நாளில் எனக்கு அழைப்பு வந்துவிடும். ‘அக்கா, எங்க வீட்ட வித்துக் குடுங்க. நல்ல எடம். எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க.’

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ‘கிராண்டுல யார் பேரு இருக்கு?’ கிராண்டு என்றால் வீட்டின் உரிமைப் பத்திரம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், ‘அப்பா பேர்லதான் இருக்கு.’ அப்பா எப்போது தவறினார் என்று கேட்டால், ‘அது ஆச்சுக்கா, ஒரு 18 வருஷம்.’

நான் ஒரு பதிவு பெற்ற ஏஜெண்டின் நிறுவனத்தில் நெகோஷியேட்டர், அதாவது வீடு வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நின்று பேசி முடிப்பவள். செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங், செலாயாங் பக்கம்தான் என் நடமாட்டம். வீடு விற்பது என்றால் கதவைத் திறந்து காட்டுவது, படம் எடுத்துப் போடுவது, விலை பேசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் நம் குடும்பங்களின் வீடுகள் விற்காமல் நின்று போவது வாசலிலோ விலையிலோ அல்ல, பெரும்பாலும் பேப்பரில்தான். இதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கு மனம் கனத்துவிட்டது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். செந்தூலில் வரிசை வீடு, மாடி கிடையாது. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், 2004-இல் தவறிவிட்டார். அம்மாவுக்கு இப்போது 79 வயது. பிள்ளைகள் நான்கு பேர். மூன்று பேர் திருமணமாகி வெளியே போய்விட்டார்கள். இரண்டாவது மகள் திருமணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறார்.

கிராண்டைக் கேட்டதும் அந்த அம்மா மெதுவாக எழுந்து சாமி மேடைக்குப் போனார். முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பழைய கோயில் காலண்டர் தாளில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்த ஒரு கட்டை எடுத்தார். தொட்டதுமே ரப்பர் பேண்டு உதிர்ந்து விழுந்தது. உள்ளே கிராண்டு. ஒரு மூலையில் குங்குமம் ஊறிச் சிவந்திருந்தது. 20 வருடமாகத் தினமும் விளக்கேற்றும்போது அதையும் சேர்த்துத்தான் அவர் கும்பிட்டிருக்கிறார். அந்த வீட்டில் ஒருவர்கூட அதைப் பிரித்துப் படித்ததில்லை.

நான் படித்தேன். அப்பாவின் பெயர் டைப்ரைட்டரில் அடித்திருந்தது. இறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் அது இல்லை, அதில் பாதிதான். பக்கத்தில் பழைய ஐசி, அதாவது அடையாள அட்டை எண், 7 இலக்கம். பின்பக்கம் வங்கியின் அடமானப் பதிவு. ‘லோன் எப்பவோ கட்டி முடிஞ்சிருச்சே’ என்றார் அம்மா. உண்மைதான். வங்கி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விடுவிப்புப் படிவம், 16என், மடித்த மடிப்பு கலையாமல் உள்ளேயே இருந்தது. அதை நில அலுவலகத்தில் பதிந்தால்தான் அடமானம் நீங்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதற்கிடையில் அந்த வங்கியே இன்னொரு வங்கியோடு சேர்ந்து பெயர் மாறிவிட்டது.

இதைவிட வேதனையான ஒன்று நான் வருவதற்கு முன்னாலேயே நடந்திருந்தது. குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு தம்பி, லைசென்ஸ் எதுவும் இல்லாதவர், வாங்க ஆள் கூட்டிவந்து 5,000 வெள்ளி (ரிங்கிட்) புக்கிங் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறார். வாங்குபவரின் லாயர் நில அலுவலகத்தில் தேடல் செய்து பார்த்ததும், உரிமையாளர் இறந்துவிட்டார், விற்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்தத் தம்பியின் போன் அடைத்துக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் வாங்க வந்தவர் கேட்டுக்கு வெளியே நின்று சத்தம் போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க, ஒரு காசுகூடக் கையால் தொடாத அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புக்கிங் பணம் எந்த நெகோஷியேட்டரின் சொந்தக் கணக்குக்கும் போகக் கூடாது, என்னுடையதற்கும்தான். அது பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போய், இரு தரப்புக்கும் பொதுவாக அங்கே நிற்க வேண்டும். எங்கள் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, 242-ஆவது சட்டம் என்போம். உரிமம் இல்லாமல் புரோக்கர் வேலை பார்த்தால் 300,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. வீட்டுக்கு வருபவரிடம் எங்கள் தொழிலைக் கண்காணிக்கும் வாரியம் கொடுத்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் கியூஆர் குறியை உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். கோயிலில் பழகியவர், சொந்தக்காரர் பையன், தாமானில் (குடியிருப்பில்) எல்லாருக்கும் தெரிந்தவர் என்றாலும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவருக்கு அது வருத்தம் தராது.

சரி, அப்பா பெயரில் இருக்கும் வீட்டை என்ன செய்வது?

உயில் எழுதாமல் தவறியவரின் வீடு, நிலம், மற்ற சொத்துகள் எல்லாம் சேர்த்து 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் அது சிறு சொத்து. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் வரும். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது, 2024 ஜூலையில் 50 லட்சமாக உயர்ந்தது. நம் குடும்பங்களின் வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. சொத்துப் பகிர்வு அலுவலகத்தில் ‘பாராங் ஏ’ என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். இதைத்தான் ‘புசாக்கா போடுவது’ என்று நம் ஆட்கள் சொல்வார்கள். விசாரணைக்கு ஒரு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், வர முடியாதவர் சம்மதப் படிவத்தில் முறைப்படி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். முடிவில் ‘பாராங் இ’ என்ற உத்தரவு கிடைக்கும். அதை வைத்துத்தான் கிராண்டில் பெயர் மாறும். உயில் இருந்தாலோ, சொத்து வரம்பைத் தாண்டினாலோ உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அங்கே உயில் இல்லாமல் நிர்வாகியாக நியமனம் பெற்றவர், வீட்டை விற்பதற்கு மறுபடியும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். உயிலில் பெயர் குறிக்கப்பட்டவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் நம் பெயர்களில் தொடங்குகிறது. தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்குப் பிறப்புப் பதிவில் பெயர் எழுதியது பெற்றோர் இல்லை, எழுதத் தெரிந்த வேறு யாரோ. காதில் விழுந்ததை எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழில் சுப்ரமணியம், ஐசியில் சுப்பிரமணியன், கிராண்டில் வெறும் மணியம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் என்று எஸ். மணியம். நான்கும் ஒரே மனிதர்தான், தெருவுக்கே தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு நான்கு பேர். ஒவ்வொன்றுக்கும் சத்தியப் பிரமாணம் எழுதி ஆணையர் முன் கையெழுத்துப் போட வேண்டும், தேசியப் பதிவு இலாகாவில் பழைய ஐசி எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக் கடிதம் வாங்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது இதை அவரே ஒரு காலைப்பொழுதில் முடித்திருப்பார். அவர் போன பிறகு மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கட்டாயத் திருமணப் பதிவு 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கோயிலிலும் தோட்டத்து வீட்டு வாசலிலும் தாலி கட்டிக்கொண்ட நம் அம்மாக்கள் பலரிடம் சான்றிதழ் என்று ஒன்றுமே இல்லை. அந்தத் திருமணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நடந்தது என்று காட்ட வேண்டும். செந்தூல் அம்மாவுக்கு 1969-இல் கல்யாணம். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது, அதில் நிற்பவர்களில் உயிரோடு இருப்பது ஒரு சித்தி மட்டும்தான். அவரை கிள்ளானில் தேடிப் பிடித்துச் சத்தியப் பிரமாணம் வாங்கினோம். அந்தச் சித்தியும் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பங்கு விஷயத்தில் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னியுங்கள். 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு சமமாக. இறந்தவரின் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை தனி. இந்தச் சட்டத்தில் மகன் என்றும் மகள் என்றும் பிரிவு கிடையாது. ஆனால் எத்தனை வீடுகளில் ‘உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, கையெழுத்துப் போட்டுட்டுப் போ’ என்று மகள்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்! விரும்பி விட்டுக்கொடுப்பது வேறு. விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது வேறு. அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு அக்கா என்னிடம் கேட்டார், ‘அப்பா எனக்கும் அப்பாதானேம்மா?’ என்னிடம் பதில் இல்லை.

ஏமாற்றப்பட்டதாக நினைக்கும் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? நில அலுவலகத்துக்குப் போய்க் கேவியட் போடும், அதாவது வீடு கை மாறாமல் தடுக்கும் பதிவு. தனியார் கேவியட் ஒன்று 6 வருடம் நிற்கும். அது நிற்கும்வரை பெயர் மாற்ற முடியாது, வாங்குபவரின் வங்கியும் பணத்தை விடாது. வாங்க வந்தவர் நான்கு மாதம் காத்திருந்து கும்பிடு போட்டுவிட்டுப் போவார். கேவியட்டை எடுக்க லாயருக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியை முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

காலம் தள்ளத் தள்ள வாரிசு பெருகிக்கொண்டே போகிறது. நான்கு பிள்ளைகளில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவர் மனைவி மக்களுக்குப் போகிறது. அவருக்கும் ஒரு புசாக்கா போட வேண்டும். ஒருவர் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கிறார். இன்னொருவர் குடும்பத்தோடு பேசுவதில்லை. ஒரு பேரனுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை, அவன் பங்கைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும். கெப்போங்கில் ஒரு வீட்டுக்கு 17 கையெழுத்துத் தேவைப்பட்டது. 15 வரை கிடைத்தது. அந்த வீடு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. முன்னால் இருந்த முருங்கை மரம் ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டது. சுக்காய் பிந்து என்ற வீட்டு வரியும் நில வரியும் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவு விலை பிளாட் வாங்கி 25, 30 வருடம் ஆகியிருக்கும். கையில் இருப்பது டெவலப்பரோடு போட்ட ஒப்பந்தம் மட்டும்தான். ஸ்டிராத்தா பட்டா, அதாவது அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கான தனி உரிமைப் பத்திரம், எப்போதோ வெளியாகி டெவலப்பர் பெயரிலேயே இருக்கும். ‘வந்து பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று வந்த கடிதத்தை, செலவாகுமே என்று எடுத்து வைத்திருப்பீர்கள். அந்த டெவலப்பர் நிறுவனம் மூடப்பட்டுவிட்டால், பொறுப்பில் இருக்கும் கலைப்பாளரைத் தேடிப் போக வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. கடிதம் இருந்தால் இப்போதே தேடி எடுங்கள். குத்தகை நிலமாக இருந்தால் கை மாற்ற நில நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று பட்டாவிலேயே எழுதியிருக்கும். அதற்கும் மாதக்கணக்கு ஆகும்.

இனி விலை. ‘பக்கத்து வீடு 650-க்குப் போட்டிருக்கான், நம்மளுது மூலை வீடு, 680 போடுங்க’ என்பீர்கள். போட்டிருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. நீங்கள் 650,000 வெள்ளி கேட்கிறீர்கள், வாங்குபவரும் ஒப்புக்கொள்கிறார் என்றே வையுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அந்தத் தெருவில் உண்மையில் கை மாறிய விலைகளை வைத்து 560,000 என்கிறார். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுப்பது அந்த 560,000-க்குத்தான், அதாவது 504,000. மீதி 146,000 வெள்ளியை அந்த இளம் தம்பதி ரொக்கமாகப் புரட்ட வேண்டும். பிடிபிடிஎன் கல்விக் கடன் ஒரு பக்கம், காடி (கார்) கடன் ஒரு பக்கம் கட்டுகிறவர்கள் எங்கே போவார்கள்? வீடு ஒரு வருடம் விளம்பரத்திலேயே கிடந்து, இவ்வளவு நாள் போகாமல் இருக்கிறதே, ஏதோ கோளாறு என்று பேர் வாங்கிக்கொள்ளும். பின்பக்கம் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு நீங்கள் 60,000 செலவழித்திருக்கலாம். டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால் மதிப்பீட்டாளர் அதற்கு மதிப்புப் போடத் தயங்குவார்.

விலையை ஒப்பந்தத்தில் ஏற்றிக் காட்டி, கூடுதல் கடன் வாங்கிக் கையில் காசாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது வழி சொன்னால், தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவது. பத்திரத்தில் விற்பவராக நிற்பது உங்கள் பெயர்.

எங்கள் கமிஷனைப் பற்றி நீங்கள் கேட்காமல் விட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி அதிகபட்சம் விலையில் 3 விழுக்காடு, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. 500,000 வெள்ளி வீட்டுக்கு 15,000, வரி 1,200. ‘நாலு தடவை கதவத் தொறந்து காட்டினதுக்கு இவ்வளவா?’ என்று கேட்டவர்கள் உண்டு. அந்த 15,000 என் பைக்கு வருவதில்லை. வாங்குபவரை இன்னொரு ஏஜெண்டு கொண்டுவந்தால் பாதி அங்கே போகும். மீதியில் நிறுவனத்தின் பங்கு போகும். எனக்கு அடிப்படைச் சம்பளம் கிடையாது. முதலாளி கட்டும் ஈபிஎப் சேமநிதி கிடையாது. வாங்குபவரின் கடன் நிராகரிக்கப்பட்டால் மூன்று மாத வேலைக்கு ஒரு வெள்ளிகூட வராது. பெட்ரோல், டோல், விளம்பரம் எல்லாம் என் செலவு. போன வருடம் ஒன்பது சனி, ஞாயிறு ஒரே வீட்டுக்குப் போய் வந்தேன். கடைசியில் உரிமையாளர் அதை மச்சானுக்கு விற்றுவிட்டார். வருத்தம்தான், ஆனால் அது அவர் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். குறைத்துக் கொடுங்கள் என்று பேசுங்கள், பேசலாம். வேலை முடிந்த பிறகு மறைக்காதீர்கள்.

‘நம்ம ஆளுங்களுக்குத்தான் விக்கணும்’ என்று சொல்பவர்களின் மனது எனக்குப் புரிகிறது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு தெரு நம் கையை விட்டுப் போகும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போகும் நம் பிள்ளைகளிடம் ‘இந்தியருக்கு இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறது? வாங்க வருபவரிடம் அதையே நாம் சொல்ல வேண்டாம். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடுங்கள்.

இப்போது அப்பா அம்மாக்களிடம் தனியாகப் பேசுகிறேன். நீங்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போது இந்த வேலை பத்தில் ஒரு பங்குதான். இந்த வாரமே கிராண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள், இல்லை பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் உங்கள் ஐசியோடு ஒத்துப்போகிறதா? கடன் முடிந்திருந்தால் அடமானம் நீங்கியிருக்கிறதா? நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் அத்தனையும் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு உயில் எழுதுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று எத்தனையோ வீட்டில் என் வாயை அடைத்திருக்கிறார்கள். உயில் எழுதியதால் யாரும் சீக்கிரம் போய்விடுவதில்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர், தெளிவான நினைவோடு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சொத்துப் பெறுகிறவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள், அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். திருமணமாகாமல் உங்களைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, கூடவே இருக்கும் கடைசி மகனுக்கு ஏதாவது கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் அதைச் சட்டம் தானாகச் செய்யாது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாற்றலாமா என்றும் கேட்கிறீர்கள். 2023 ஏப்ரலில் இருந்து, பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வீட்டுக்கு முதல் 10 லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி கிடையாது. சலுகை நல்லதுதான். ஆனால் மாற்றிக் கொடுத்த பிறகு அந்த வீட்டிலேயே ஓரமாக ஒதுக்கப்பட்ட இரண்டு அம்மாக்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் என் கருத்து இதுதான்: கிராண்டு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உயில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளே, அப்பா போய்விட்டால் ஒரு வருடக் காரியம் முடிந்த கையோடு புசாக்கா போடுங்கள். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் போடுங்கள். சட்டப்படி உள்ள பங்கின்படி வாரிசுகள் பெயருக்கு மாற்ற முத்திரை வரி 10 வெள்ளிதான். அங்கே குடியிருக்கும் அக்காவோ தம்பியோ வீடு விற்ற பிறகு எங்கே போவார் என்பதை விலை பேசுவதற்கு முன்னால் பேசி முடியுங்கள். அந்தப் பேச்சு நடக்காத வீட்டில் நான் எத்தனை பேரைக் கூட்டிவந்து காட்டினாலும், உள்ளே இருப்பவர் கதவைப் பாதிதான் திறக்கிறார்.

செந்தூல் வீட்டில் அந்தப் பேச்சு நடந்தது. முதல் நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாவது முறை உட்கார்ந்தபோது, மூத்தவர் தன் பங்கில் ஒரு பகுதியைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். ஒரு சின்ன பிளாட்டுக்கு முன்பணம் கட்ட அது போதும். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார்.

கேட்டுக்கு வெளியே சத்தம் போட்டவருக்கு நான்கு பிள்ளைகளும் சேர்ந்து 5,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது அவர்கள் கடன் இல்லை என்றாலும். 16என் படிவத்தை வங்கி புதிதாகப் போட்டுக் கொடுத்தது. பெயர் விவகாரத்துக்கு மூன்று சத்தியப் பிரமாணம் ஆனது. விசாரணை அடுத்த மாதம் 12-ஆம் தேதி. அன்று என்னால் வாங்கவோ விற்கவோ எதுவும் இல்லை, ஆனாலும் போகிறேன், அம்மாவைச் சக்கர நாற்காலியோடு காடியில் ஏற்றி இறக்க ஒரு கை கூடுதலாக வேண்டும். கிராண்டை ஒரு புது பிளாஸ்டிக் பைலில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
செந்தூலில் இருந்து ஒரு நெகோஷியேட்டர்